அல்பினாஸின் இடம்

அல்பினாஸ் காளான் பறிக்கப் போகும்போது ஒரு நாளும் நேராகக் காட்டுக்குள் போனதில்லை. எங்கள் பாலர் பள்ளியின் சமையலறை ஜன்னல் அவர் வீட்டு வாசலைப் பார்த்தபடி இருக்கிறது. அங்கே வேலை பார்த்த அத்தனை வருஷமும் அதைப் பார்த்திருக்கிறேன். கோடை முடிந்து முதல் மூடுபனி இறங்கியதும், விடியற்காலையில் கூடையோடு வெளியே வருவார். காடு அவர் வீட்டின் கொல்லைப் பக்கம், வேலியைத் தாண்டினால் போதும். அவரோ வாசல் வழியாக வந்து, தேவாலயத்தைக் கடந்து, மீன் பிடிக்கப் போகிறவர் மாதிரி ஆற்றுப் பக்கமாக நடப்பார். பாலத்தருகே நின்று ஒரு சிகரெட் பற்ற வைப்பார். பின்னால் யாரும் வரவில்லை என்று தெரிந்த பிறகு மூடுபனிக்குள் காணாமல் போவார். திரும்பி வருவது வேறொரு திசையிலிருந்து, ரயில் நிலையப் பாதை வழியாக. கூடையைப் பெரணி இலைகளால் மூடியிருப்பார். நிறைந்திருந்தாலும் மூடியிருப்பார், காலியாக இருந்தாலும் மூடியிருப்பார்.

எங்கள் ஊரில் இதை யாரும் விசித்திரமாக நினைப்பதில்லை. பைன் காட்டுக்கு நடுவே மணல் நிலத்தில் இருக்கிற ஊர் இது. உருளைக்கிழங்கைத் தவிர எதுவும் ஒழுங்காக விளையாது. ஆனால் ஒவ்வொருவருக்கும் காட்டில் ஒரு இடம் உண்டு. இடம் என்றால் மனையோ தோட்டமோ இல்லை, வருஷா வருஷம் பராவிகாஸ் முளைக்கிற இடம். தடித்த வெள்ளைக் காலும், நன்றாகச் சிவந்த ரொட்டியின் நிறத்தில் குடையுமாக நிற்கிற காளான் அது. மற்றக் காளான்களைக் குனிந்து பறிப்போம். இதைப் பார்த்தால் மட்டும் முழங்காலிட்டு உட்கார்ந்துவிடுவோம். தன் இடத்தை மனைவியிடம் சொல்லாத கணவர்களும், மகனிடம் சொல்லாத அப்பாக்களும் இங்கே சாதாரணம். நல்ல இடத்தில் நிற்கும்போது யார் கூப்பிட்டாலும் குரல் கொடுக்கக் கூடாது என்பது இங்கே பிள்ளைகளுக்கு நடக்கப் பழகும்போதே சொல்லித் தருவது. நான் சின்னவளாக இருந்தபோது ஒரு தடவை பக்கத்து வீட்டுக்காரி எங்களைக் கூப்பிட்டபடியே காட்டுக்குள் வந்தாள். அம்மா என் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தக் கையில் ஈர மண்ணும் காளானும் மணத்தன. அந்த மணம் எனக்கு இன்னும் பிடிக்கும்.

அல்பினாஸ் எங்கள் பள்ளியின் பாய்லருக்கு விறகு போடுகிறவர். நான் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுச் சமையலறை வேலைக்கு வந்தபோதே அவர் அங்கே இருந்தார். உயரமான ஆள், பாய்லர் அறைக்குள் போகும்போது தலையைச் சாய்த்துத்தான் போக வேண்டும். சத்தம் போட்டுச் சிரிக்கமாட்டார், தோள் மட்டும் குலுங்கும். பனிக்காலத்தில் பிள்ளைகள் விளையாடிவிட்டு வந்ததும் நனைந்த கையுறைகளை வாங்கிச் சூடான குழாய்கள் மேல் வரிசையாகப் போடுவார். சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது ஒவ்வொரு ஜோடியும் அதனதன் கைகளுக்குச் சூடு ஆறாமல் போய்ச் சேரும். எது யாருடையது என்று அவர் கேட்டு நான் பார்த்ததில்லை.

அவருடைய இடத்தை ராணுவத்திலிருந்து திரும்பிய வருஷம் கண்டுபிடித்தாராம். கல்யாணமான புதிதில் அவர் மனைவி தெக்லே எவ்வளவோ கேட்டுப் பார்த்திருக்கிறாள்.

"சாப்பிடத்தானே கேக்கற? அதான் கொண்டாந்துட்டேனே," என்று கூடையைக் காட்டியிருக்கிறார். தெக்லே ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அப்புறம் அவளும் கேட்பதை விட்டுவிட்டாள்.

விடாமல் கேட்டவன் அவள் தம்பி ஸ்டாஸிஸ். மர அறுவை மில்லில் வேலை பார்க்கிறவன், வாய் ஓயாது. ஒரு விடியற்காலையில் அல்பினாஸுக்குத் தெரியாமல் பின்தொடர்ந்து போனான். அல்பினாஸுக்குத் தெரிந்துதான் இருந்தது. அவனைச் சதுப்பைச் சுற்றி ஒரு நடை நடக்க விட்டார். ஸ்டாஸிஸ் ஒரு காலில் பூட்ஸும் இன்னொரு காலில் வெறும் காலுறையுமாக வீடு வந்து சேர்ந்தான்.

அதற்குப் பிறகும் அவன் கிண்டல் நிற்கவில்லை. பள்ளி வாசலில் அவரைப் பார்த்தால், "என்ன மச்சான், ஆத்துல இன்னிக்குக் காளான் நல்லா நீந்துச்சா?" என்பான்.

"நீந்துச்சு. உன் பூட்ஸும் பக்கத்துலயே நீந்திட்டு இருந்துச்சு," என்பார் அல்பினாஸ்.

எங்கள் பள்ளிக்கு வருஷத்தில் ஒரு காட்டு நாள் உண்டு. செப்டம்பர் கடைசியில், மழை விட்டு வெயில் வந்த முதல் நாளாகப் பார்த்து ஆல்தோனா டீச்சர் சொல்லுவார். காலையிலேயே பிள்ளைகள் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, கம்பளித் தொப்பியும் கையில் ஆளுக்கொரு சின்ன வாளியுமாக வந்து நிற்பார்கள். அல்பினாஸ் தள்ளுவண்டியில் சூப் கேனையும் உருளைக்கிழங்கு மூட்டையையும் கயிறு போட்டுக் கட்டுவார். நான் கறுப்பு ரொட்டியும் புகையில் வாட்டிய பன்றிக்கொழுப்பும் கூடையில் எடுத்துக்கொள்வேன். காட்டு விளிம்பில் பிர்ச் மரங்கள் மஞ்சளாகியிருக்கும். காற்றே இல்லாமல் இலைகள் ஒவ்வொன்றாக இறங்கும். பிள்ளைகள் அவற்றைத் தொப்பியில் பிடிக்க ஓடுவார்கள். புதர்களுக்கு மேல் சிலந்தி நூல்கள் பனித்துளியோடு தொங்கும். மேலே எங்கேயோ நாரைகள் கூவிக்கொண்டு தெற்கே போகும். எல்லாரும் அண்ணாந்து பார்த்து டாட்டா காட்டுவார்கள், பறவைகள் எங்கள் கண்ணில் பட்டாலும் படாவிட்டாலும்.

ஆல்தோனா டீச்சர் வேலைக்கு வந்த முதல் வருஷம் இன்னும் நினைவிருக்கிறது. அவர் காவ்னஸ் நகரத்திலிருந்து வந்தவர். காட்டுக்குள் போனால் காளான் கிடைக்கும் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டார். பாதையோரக் காட்டை ஊர்ப் பெரியவர்கள் விடியும் முன்பே துடைத்து வைத்துவிடுவார்கள் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? மதியம் வரை தேடியும் வாளிகளில் பைன் காய்களும் ஒரு நத்தை ஓடும்தான் இருந்தன. ஒரு பையன் தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தான்.

"காளான் எல்லாம் பெரியவங்களுக்குத்தான்," என்றான்.

அல்பினாஸ் சூப் கேனைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அந்தப் பையனைப் பார்த்தார், மரங்களைப் பார்த்தார், கேனைக் கீழே வைத்தார். வண்டியில் கட்டியிருந்த நீளக் கயிற்றை அவிழ்த்தார்.

"எல்லாரும் தொப்பியை மூக்கு வரைக்கும் இழுத்து விட்டுக்கங்க. கயித்தைப் பிடிச்சுக்கங்க. யாராவது எட்டிப் பாத்தீங்கன்னா காளான் ஓடிப்போயிடும்."

பிள்ளைகள் உடனே இழுத்துக்கொண்டார்கள். அல்பினாஸ் எங்கள் இருவரையும் பார்த்தார்.

"பெரியவங்களும்தான்," என்றார்.

நானும் டீச்சரும் தலையில் கட்டியிருந்த துணியைக் கண்ணுக்கு இறக்கினோம். அப்படித்தான் அது தொடங்கியது. அன்றைக்கு நடந்த நடையை என் கால்கள் மறக்கவில்லை. முதலில் காய்ந்த வெள்ளைப் பாசி, மொறுமொறுவென்று ரொட்டித் தூள் மேல் நடப்பது மாதிரி. அப்புறம் மெத்தென்று அமுங்கியது. முழங்காலில் புதர்கள் உரசின. குளிர்ந்த காற்று ஒன்று முகத்தில் பட்டுப் போனது. முன்னால் பிள்ளைகள் கிசுகிசுத்துச் சிரித்தார்கள். ஒருவர் இடறினால் கயிறு முழுவதும் ஆடும். எவ்வளவு தூரம் போனோம், எத்தனை தடவை வளைந்தோம் என்று தெரியவில்லை.

"இப்பப் பாருங்க."

வயதான பைன் மரங்கள் கொஞ்சம் விலகி நின்ற ஒரு வெளி. நடுவே நாலைந்து பிர்ச் மரங்கள். வெள்ளைப் பாசி மேல் மஞ்சள் இலைகள் கிடந்தன. அந்த இலைகளுக்கு நடுவே, பழுப்புக் குடைகளோடு, சின்னதும் பெரியதுமாகப் பராவிகாஸ் நின்றது. பிள்ளைகள் கத்தவில்லை. யாரும் சொல்லாமலே ஒவ்வொருவராக முழங்காலிட்டார்கள்.

"ஆளுக்கு ஒண்ணு. மத்தது இருக்கட்டும்," என்றார் அல்பினாஸ். பிறகு வெட்டிய ஒரு அடிமரத்தில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார். முதல் தடவையாக வீட்டுக்கு விருந்தாளி வந்தால் கூச்சப்படுகிறவர்கள் அப்படித்தான் உட்காருவார்கள். எனக்குத் தெரியும்.

திரும்பி வந்து மணல் மேட்டில் நெருப்பு மூட்டி உருளைக்கிழங்கு சுட்டோம். தோல் கருகி, உள்ளே மாவாக வெந்திருக்கும். உப்பைத் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு எல்லாருக்கும் உதடு கறுப்பு, கன்னம் கறுப்பு. டீச்சருக்கு மூக்கும் கறுப்பு. பிள்ளைகள் தங்கள் ஒற்றைக் காளானை வாளியிலிருந்து எடுத்துப் பார்ப்பதும் மறுபடி வைப்பதுமாக இருந்தார்கள். பாதிப் பேர் அதைச் சமைக்கக் கொடுக்கமாட்டோம் என்றுவிட்டார்கள். அவற்றை அல்பினாஸ் நறுக்கி நூலில் கோத்துப் பாய்லர் குழாய்களுக்கு மேல் கட்டினார். ஒரு வாரம் பள்ளி முழுவதும் காளான் மணந்தது.

சாயங்காலம் வாசலில் அப்பா அம்மாக்கள் விசாரணை நடத்தினார்கள்.

"எந்தப் பக்கம்டா போனீங்க?"

"இருட்டுப் பக்கம்."

"எப்படி இருந்துச்சு?"

"மெத்து மெத்துன்னு இருந்துச்சு. அப்புறம் அல்பினாஸ் மாமா தும்மினாரு. அப்புறம் வந்துடுச்சு."

அந்தத் தும்மலை வைத்து இடத்தைக் கண்டுபிடிக்க ஸ்டாஸிஸ் ரொம்ப நாள் முயற்சி செய்தான்.

அதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் கயிறும் தொப்பியும் காட்டு நாளில் சேர்ந்துகொண்டன. பள்ளியை விட்டுப் போன பெரிய பிள்ளைகள் வேலிக்கு வெளியே நின்று பொறாமையோடு பார்ப்பார்கள். அல்பினாஸ் அந்த ஒரு நாளைத் தவிர வேறு எந்த நாளிலும் தன் இடத்துக்கு இன்னொருவரைக் கூட்டிப் போனதில்லை.

பிறகு மில்தாவின் வருஷம் வந்தது. மில்தா ஸ்டாஸிஸின் மகள். அப்பனின் வாயில் கால்வாசி கூட அவளுக்கு இல்லை. ஐந்து வயது, குட்டையான ஜடை. எதைச் செய்தாலும் நாக்கைக் கடித்துக்கொண்டு முழுசாகச் செய்வாள். எனக்கு அவளைப் பிடிக்கும்.

காட்டு நாளுக்கு முந்தின வாரம் ஸ்டாஸிஸ் தானே வாசலில் நின்று சிரித்துக்கொண்டு சொன்னான். "கண்ணைக் கொஞ்சமாத் திறந்து வை, அப்பாக்கு மட்டும் சொல்லு, சைக்கிள் வாங்கித் தரேன்னேன். என்ன சொன்னா தெரியுமா? 'இடத்தை யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு நீதானேப்பா சொன்ன'ங்கறா."

"உன்னை விட உன் பொண்ணு மேல்," என்றார் அல்பினாஸ்.

அந்த வருஷம் நான் நெருப்புக்குக் காவலாக மணல் மேட்டிலேயே இருந்துவிட்டேன். அல்பினாஸ் கயிற்றின் முன்னால், டீச்சர் கடைசியில், நடுவில் பிள்ளைகள், டீச்சருக்கு முன்னால் மில்தா. அவர்கள் போன வழியில் சிரிப்பு கொஞ்ச நேரம் கேட்டது, அப்புறம் மரங்கொத்தி மட்டும். நான் சாம்பலைக் கிளறிக்கொண்டிருந்தேன். வெயில் மரங்களின் கால்களுக்கு இடையே சாய்ந்து விழுந்திருந்தது. அந்த ஒரு மணி நேரம் எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது.

அவர்கள் திரும்பி வந்து தொப்பிகளை உயர்த்தினார்கள். உருளைக்கிழங்கைப் பங்கு போட்டபோது ஒன்று மிஞ்சியது. டீச்சர் பிள்ளைகளை ஒவ்வொரு தலையாகத் தொட்டுப் பார்த்தார். மறுபடியும் தொட்டுப் பார்த்தார்.

"மில்தா எங்க?"

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவளுக்கு முன்னால் வந்த பெண், "என் பின்னாடிதான் இருந்தா," என்றாள். டீச்சருக்கு எதுவும் தெரிந்திருக்க வழியில்லை. அவர் நேர்மையானவர், கண்ணை நிஜமாகவே கட்டியிருந்தார். முன்னால் இருந்த குழந்தை கயிற்றை விட்டுவிட்டு நின்றதும், அவர் அவளைக் கடந்து நடந்ததும் அவருக்குத் தெரியவில்லை.

அல்பினாஸ் உடனே திரும்பி நடந்தார். அவர் கூப்பிடுவது எங்களுக்குக் கேட்டது. பதில் வரவில்லை. வெகு நேரம் கழித்து வந்தார். "அங்க இல்ல," என்றார். மறுபடியும் போனார், மறுபடியும் தனியாக வந்தார். பிள்ளைகள் பாட்டுப் பாட வேண்டும் என்று டீச்சர் சொன்னார், யாரும் பாடவில்லை.

"ஸோஸே, நீ மில்லுக்கு ஓடு," என்றார் டீச்சர் என்னிடம்.

நான் சத்தமாகப் பேசிப் பழகாதவள். அன்று மில்லில் ரம்பச் சத்தத்துக்கு மேல் கத்தினேன். ரம்பம் நின்றது.

ஆட்கள் வந்தபோது வெயில் மரநுனிகளுக்குப் போய்விட்டது. அம்மாக்கள் மற்றப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அந்தக் காட்டின் மறுபக்கம் சதுப்பு. எல்லாரும் அதைத்தான் நினைத்தோம். ராத்திரி தரை உறைகிற காலம் வேறு.

ஸ்டாஸிஸ் கேட்டது ஒன்றுதான். "எங்க விட்டீங்க அவளை?"

"எனக்குத் தெரியாது. நான் கண்ணைக் கட்டியிருந்தேன்," என்றார் டீச்சர்.

எல்லாரும் அல்பினாஸைப் பார்த்தார்கள்.

"அங்க நல்லாத் தேடிட்டேன்," என்றார் அவர். "அங்க இல்ல."

"அங்கன்னா எங்க?"

அல்பினாஸ் தொப்பியைக் கழற்றினார். அதற்குள் ஏதோ இருக்கிற மாதிரி ஒரு கணம் பார்த்தார். மறுபடி போட்டுக்கொண்டார்.

"வாங்க," என்றார்.

அவர் நேராக நடந்தார். வளையவில்லை, சுற்றவில்லை, பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. மில் ஆட்கள் எல்லாரும் கண் திறந்தபடி அவர் பின்னால் நடந்தார்கள். தீத்தடுப்புக்காக வெட்டிய பழைய மணல் பாதையைத் தாண்டியதும் ஒரு சின்ன மேடு, மேட்டுக்கு அப்பால் அந்த வெளி. அவ்வளவு பக்கம்.

ஸ்டாஸிஸ் நின்றுவிட்டான். "இங்கயா? தினம் இந்த வழியாத்தான் சைக்கிள்ல வேலைக்குப் போறேன்."

யாரும் சிரிக்கவில்லை.

ஆட்கள் பரவி நின்று கூப்பிட்டார்கள். பூட்ஸ்களுக்கு அடியில் வெள்ளைப் பாசி நொறுங்கியது. பராவிகாஸ் இருந்தது, பார்க்காமல் மிதித்துக்கொண்டு போனார்கள். அல்பினாஸ் தன் காலடியைப் பார்க்கவில்லை. மில்தா, மில்தா என்று காடு முழுக்கக் குரல். நாங்கள் நிறுத்தினால் காடும் நிறுத்தியது. மூடுபனி தரையிலிருந்து எழும்பத் தொடங்கியது.

ஸ்டாஸிஸ் திடீரென்று கூப்பிடுவதை விட்டான். அந்த அடிமரத்தில் உட்கார்ந்தான்.

"அவ கேட்டுக்கிட்டுத்தான் இருக்கா," என்றான்.

"என்னடா சொல்ற?" என்றார் அல்பினாஸ்.

"நல்ல இடம் ஏதோ பார்த்திருக்கா. குரல் கொடுக்கமாட்டா. அப்பாவே கூப்பிட்டாலும் கொடுக்காதேன்னு சொல்லி வளர்த்தது நான்தானே."

எழுந்து வாயைக் கைகளால் குவித்துக்கொண்டு கத்தினான். "மில்தா, அப்பா பேசறேன். இடம் போனாப் போகட்டும். எங்க இருக்கேன்னு மட்டும் சொல்லு."

அவன் குரல் இறங்கிவிட்டது.

"போன வாரமும் இதையேதான் சொன்னேன். சைக்கிள் வாங்கித் தரேன்னு. நம்பமாட்டா, மச்சான். நான் கூப்பிட்டா நம்பமாட்டா."

அல்பினாஸ் வெளியின் நடுவுக்குப் போய் நின்றார். மற்றவர்களைக் கையசைத்துச் சும்மா இருக்கச் சொன்னார். அவர் கத்தவில்லை. பாய்லர் அறை வாசலில் நிற்கிற பிள்ளையிடம் பேசுகிற குரலில் பேசினார்.

"மில்தா, மாமா பேசறேன். என் இடத்துல ஊரே நிக்குது. மில் ஆளுங்க நிக்கறாங்க, உங்கப்பன் நிக்கறான். இனிமே இதுல ஒளிச்சு வைக்க எதுவும் இல்ல. நீ எதையும் காவல் காக்க வேணாம்."

பிறகு ஒரு சின்னக் குரல், எந்தப் பக்கத்திலிருந்து என்று சொல்ல முடியாதபடி மூடுபனிக்குள்ளிருந்து வந்தது.

"அப்பா தொப்பியை இழுத்துக்கிட்டாரா?"

ஸ்டாஸிஸ் முகத்தை மூடிக்கொண்டான்.

"இல்லம்மா. கண்ணைத் திறந்துதான் வந்தான்," என்றார் அல்பினாஸ்.

மூடுபனிக்குள் ஒரு சுள்ளி முறிந்தது.

"ஏன் கூட்டிட்டு வந்தீங்க?"

"உன்னைக் காணோமேன்னுதான்."

"நான் காணாமப் போகல. என் இடத்துல இருக்கேன்."

ஸ்டாஸிஸ் குரல் வந்த பக்கம் பாய்ந்தான். அல்பினாஸ் அவன் கோட்டுக் கையைப் பிடித்து இழுத்தார். "நில்லுடா. துரத்தினா சதுப்புப் பக்கம் போயிடுவா."

"எல்லாரும் தொப்பியை இழுத்துக்கங்க," என்றது குரல். "அப்பத்தான் வருவேன். பெரியவங்களும்தான்."

மில் மேஸ்திரி முதலில் இழுத்துக்கொண்டார். பிறகு ஒவ்வொருவராக, அந்த மங்கலான வெளிச்சத்தில், தாடி நரைத்தவர்களும் தோளில் கோடரி வைத்திருந்தவர்களும் தொப்பியை மூக்கு வரை இறக்கிக்கொண்டு மரங்களோடு மரங்களாக நின்றார்கள். டீச்சர் தலைத்துணியை இறக்கினார். நானும் இறக்கினேன். துணிக்குள் இருட்டு, என் மூச்சு, பாசியின் ஈர வாசனை.

காலடிச் சத்தம் கேட்டது. முதலில் இடது பக்கம். அப்புறம் எங்களுக்குப் பின்னால். அப்புறம் வலது பக்கம். எங்கிருந்து வருகிறாள் என்று காதாலும் கண்டுபிடிக்கக் கூடாது என்று எங்களைச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் அல்பினாஸின் கோட்டு என் கையில் உரசிக் குலுங்கியது. சிரிக்கிறார் என்று தெரிந்தது. சில்லிட்ட விரல்கள் என் கையைப் பிடித்தன.

"இப்பத் திறக்கலாம், அக்கா," என்றாள் மில்தா.

முழங்கால் இரண்டிலும் மண். கோட்டுப் பித்தான்கள் மாறிப் போட்டிருந்தன. வாளியின் மேல் இலைகளை நன்றாக அமுக்கி வைத்திருந்தாள். ஸ்டாஸிஸ் அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். வாளிக்குள் என்ன என்று அவன் பார்க்கவில்லை. அல்பினாஸ் அவள் தொப்பியைச் சரி செய்தார்.

ஊர் வரும் வரை ஸ்டாஸிஸ் வாயைத் திறக்கவில்லை. அவனைப் பொறுத்தவரை அது பெரிய விஷயம். மில் திருப்பத்தில்தான் அவனால் முடியவில்லை.

"சைக்கிள் வேணாமா உனக்கு?"

"வேணும்," என்றாள் மில்தா தோள் மேலிருந்து. "ஆனா சொல்லமாட்டேன்."

அவன் சைக்கிள் வாங்கிக் கொடுத்தான். சிவப்பு நிறம்.

அடுத்த வருஷம் முதல் மூடுபனி இறங்கியபோது அல்பினாஸின் வெளியில் ஊரின் பாதிக் கூடைகள் இருந்தன. யாரையும் குறை சொல்வதற்கில்லை, தெரிந்த இடத்துக்குப் போகாமல் யாரும் இருக்கமாட்டார்கள். தெக்லேயும் போனாள். இத்தனை வருஷம் கேட்டுக் கிடைக்காத இடத்தை நின்று சுற்றிப் பார்த்தாளாம்.

"இவ்ளோதானா?" என்றாளாம்.

காட்டு நாளை நிறுத்திவிடலாமா என்று ஆல்தோனா டீச்சர் பெற்றோர்களிடம் கேட்டார். அவருக்கு அந்த வருஷம் தூக்கமே சரியாக இல்லை. எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஸ்டாஸிஸ் எழுந்தான்.

"நிறுத்தினா என் பொண்ணு என்னை வீட்டுக்குள்ள விடமாட்டா, டீச்சர்," என்றான். "பிள்ளைங்க கையில ஆளுக்கொரு மணி கட்டுங்க. கயித்தை விட்டுப் போனா சத்தம் காட்டிக் கொடுத்துடும்."

மணி கட்டினோம். அல்பினாஸ் முன்னால் நடந்தார். ஆனால் போவதற்குச் சொந்த இடம் இல்லை. அதற்காக ஒவ்வொரு வருஷமும் காட்டு நாளுக்கு முந்தின நாள் முழுவதும் அலைவார். மற்றவர்கள் கூடையில் அகப்படாமல் எங்கே நாலு காளான் தப்பியிருக்கிறது என்று பார்த்து வைப்பார். சில வருஷம் பராவிகாஸ் இருக்கும், சில வருஷம் வெறும் மஞ்சள் காளான். பிள்ளைகள் தொப்பியை உயர்த்தியதும் எப்போதும் போல முழங்காலிட்டார்கள். அவர்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. மணிகள் குலுங்க அந்த வரிசை மரங்களுக்கு இடையே போவதை நெருப்பருகே இருந்து பார்த்திருக்கிறேன். நடு வயதில் ஒரு பெண் எதை நினைத்துச் சந்தோஷப்படுவாள் என்று கேட்டால் எனக்கு அதுதான் முதலில் வரும்.

பள்ளியில் பாய்லரை எடுத்துவிட்டுக் கேஸ் வைத்துப் பல வருஷம் ஆகிறது. அல்பினாஸுக்கு எண்பது தாண்டிவிட்டது. காட்டு நாளில் வந்து நெருப்பருகே முக்காலியில் உட்கார்ந்து உருளைக்கிழங்கைப் புரட்டிப் போடுவார். ஆல்தோனா டீச்சர் ஓய்வு பெற்று இங்கேயே இருக்கிறார். மில்தா அலீதுஸ் நகரத்தில் சாலைப் போக்குவரத்து அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். இலையுதிர் காலத்தில் ஒரு நாள் காலை ரயிலில் தனியாக வருகிறாள், மதிய ரயிலில் திரும்பிப் போகிறாள். நடுவில் அல்பினாஸ் வீட்டுக்கு வந்து ஒரு கிண்ணம் நிறையப் பராவிகாஸ் வைத்துவிட்டுப் போவாள். எங்கே பறித்தது என்று அவர் கேட்பதில்லை.

அல்பினாஸுக்கு இப்போது இடம் இல்லை. மில்தாவுக்கு இருக்கிறது. அது எங்கே என்று ஸ்டாஸிஸுக்குத் தெரியாது, அல்பினாஸுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது.